முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான தொழில்முறை மேம்பாட்டு வாய்ப்புகள்

தொழில்முறை மேம்பாடு என்பது, முதுநிலை மாணவர்களும் முனைவர் பட்ட ஆய்வாளர்களும் பிற்காலப் பணிக்குத் தேவையான திறன்களைப் படிக்கும் காலத்திலேயே பெறுவதைக் குறிக்கும். கற்பித்தல், ஆய்விதழ்களுக்கு எழுதுதல், கருத்தரங்குகளில் பேசுதல், நிதியுதவிக்கு விண்ணப்பித்தல், பிற நிறுவனங்களில் பயிற்சி பெறுதல், ஆய்வு நெறிமுறைகளை அறிதல், கருவிகளையும் மென்பொருள்களையும் கையாளுதல் ஆகியன இதில் அடங்கும். இக்கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு உள்ள வாய்ப்புகளை விளக்குகிறது.

ஆய்வேடு பட்டத்தைத் தருகிறது. பணிக்குத் தேர்ந்தெடுப்பவர்கள் அதற்கு அப்பாலும் பார்க்கிறார்கள். வகுப்பெடுக்கத் தெரியுமா, எழுதியது எங்கே வெளிவந்தது, பிறருடன் சேர்ந்து வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். இக்கேள்விகளுக்கான விடைகள் பட்டம் பெற்ற பிறகு உருவாவதில்லை. ஆய்வுக் காலத்தின் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் உருவாகின்றன.

இதில் ஓர் ஏற்றத்தாழ்வும் உண்டு. கல்விப் புலத்தில் இருக்கும் குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு உதவித்தொகைகள், பயிலரங்குகள், விண்ணப்ப மாதங்கள் ஆகியவை வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அவை பெரும்பாலும் கடைசித் தேதி கடந்த பிறகே தெரியவருகின்றன. திறமையில் குறையில்லாத பலர் தகவல் கிடைக்காததால் பின்தங்குவது இப்படித்தான்.

தோற்றம்

ஆய்வு மாணவருக்கு ஆய்வுக்கு அப்பாலும் பயிற்சி தேவை என்ற எண்ணம் 1990-களுக்குப் பிறகு வலுப்பெற்றது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டு, 'எதிர்கால ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தல்' என்ற பொருள்படும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட மாணவர்கள் சிறு கல்லூரிகளுக்கும் சென்று, அங்கு ஆசிரியப் பணி எப்படி நடக்கிறது என்பதை நேரில் அறிய அது வழிசெய்தது.

பிரித்தானியாவில் சர் கேரத் ராபர்ட்ஸ் 2002இல் அளித்த அறிக்கை, அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு வாரங்கள் தனித் திறன் பயிற்சி அளிக்கப் பரிந்துரைத்தது. அதையொட்டி அந்நாட்டு அரசு பல ஆண்டுகள் தனி நிதி ஒதுக்கியது. 2010இல் 'வீட்டே' என்ற அமைப்பு, ஆய்வாளருக்குத் தேவையான திறன்களை நான்கு களங்களாகவும் 63 கூறுகளாகவும் வகுத்து வெளியிட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் 'மூன்று நிமிட ஆய்வேடு' என்ற போட்டியைத் தொடங்கியது. அப்போது அம்மாநிலத்தில் கடும் வறட்சி. தண்ணீரைச் சேமிக்க, மக்கள் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரத்தை மாட்டி வைத்துக் குளித்தனர். அதைக் கண்ட பட்ட மேற்படிப்புப் புலத் தலைவர் ஆலன் லாசனுக்கு, ஆய்வையும் மூன்றே நிமிடத்தில் சொல்லவைக்கலாமே என்று தோன்றியது. ஒரே ஒரு படவில்லை, மூன்று நிமிடம். நேரம் கடந்தால் தகுதியிழப்பு. இன்று பல நாடுகளில் இப்போட்டி நடைபெறுகிறது.

இந்திய விதிமுறைகளில் உள்ள வாய்ப்புகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள் ஆய்வு மாணவருக்கு அடிப்படை ஆவணம். ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளோருக்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் தளர்வு உண்டு. பெண் ஆய்வாளர்கள் மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்புப் பெறலாம்.

இதே விதிமுறைகளில் தொழில்முறைப் பயிற்சிக்கும் இடம் உள்ளது. மாணவர் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடநெறி பயில வேண்டும். ஆய்வு முறையியலும் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறையும் அதில் அடங்கும். எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும், தம் பாடம் சார்ந்த கற்பித்தலிலோ எழுத்திலோ பயிற்சி பெற வேண்டும். வாரத்திற்கு 4 முதல் 6 மணி நேரம் பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றில் உதவியாளராக அவரை ஈடுபடுத்தலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் ஆய்வு முன்னேற்றத்தை விளக்க வேண்டும்.

பல துறைகளில் இவை சடங்காக முடிந்துவிடுகின்றன. பருவ விளக்கவுரை பத்து நிமிடத்தில் முடிந்து, அறிக்கையில் கையொப்பம் மட்டும் வாங்கப்படும். ஆனால் ஆறு ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு முறை மூத்தவர்கள் முன் நின்று பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது. அதைப் பேச்சுப் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளும் மாணவர், பொது வாய்மொழித் தேர்வுக்கு வரும்போது தடுமாறுவதில்லை.

உதவித்தொகைகள்

நிதி இல்லாமல் பிற வாய்ப்புகள் எதுவும் எட்டாது. தேசியத் தகுதித் தேர்வான நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை நிலைக்கு உயர்ந்த பின் 42,000 ரூபாயாகவும் உள்ளது. அறிவியல் துறைகளுக்கு அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுவின் தனித் தகுதித் தேர்வு உள்ளது. முதுநிலைப் படிப்பில் பல்கலைக்கழக முதலிடம் பெற்ற அறிவியல் மாணவர்கள் 'இன்ஸ்பயர்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தனித் தேசிய உதவித்தொகைகள் உள்ளன.

2018-19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் ஆய்வு உதவித்தொகை மாதம் 70,000 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக 80,000 ரூபாய் வரை உயரும்படி வகுக்கப்பட்டது. அதைப் பெறுவோர் அருகிலுள்ள கல்லூரியிலோ தொழிற்பயிற்சி நிலையத்திலோ வாரம் ஒருமுறை பாடம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனை குறிப்பிடத்தக்கது. கற்பித்தலும் ஆய்வாளரின் பயிற்சியில் ஒரு பகுதி என்பதை அது ஏற்கிறது.

நெட் தேர்வுக்கு மற்றொரு பயனும் உண்டு. 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், செட் அல்லது ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்ச அளவுகோல்; முனைவர் பட்டம் கட்டாயமன்று. ஆகவே ஆய்வில் மூழ்கி இத்தேர்வைத் தள்ளிப்போடுவது, பட்டம் கைக்கு வரும்போது பெரிய இழப்பாக முடியலாம்.

பாடநெறிகளும் பயிலரங்குகளும்

இணையவழிப் பாடங்களில் என்.பி.டி.இ.எல். முதன்மையானது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. 2017இல் தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' தளத்தின் வழியாகவும் இப்பாடங்கள் கிடைக்கின்றன. பாடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுவோர் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று கட்டணம் செலுத்தித் தேர்வெழுத வேண்டும். புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு, கல்விசார் எழுத்து போன்ற பாடங்கள் எல்லாத் துறையினருக்கும் பயன்படுபவை.

2015இல் தொடங்கப்பட்ட 'கியான்' திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இந்திய நிறுவனங்களுக்கு வந்து குறுகியகாலப் பாடம் நடத்துகின்றனர். கணித மாணவர்களுக்குத் தேசியக் கணித மையம் பயிற்சிப் பள்ளிகளை நடத்துகிறது. வானியல், வானியற்பியல் ஆய்வாளர்களுக்குப் புனேயிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வானியல் மையம் பயிலரங்குகள் வைக்கிறது. இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம் முனைவர் பட்ட மாணவர்களுக்கான பத்து நாள் ஆய்வு முறையியல் பயிலரங்குகளுக்கு நிதியளிக்கிறது. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம், சுவடியியல், தொல்லெழுத்தியல் பயிலரங்குகளை நடத்தியுள்ளது. ஓலைச்சுவடிகளில் வேலை செய்யும் தமிழ் ஆய்வாளருக்கு இத்தகைய பயிற்சி இன்றியமையாதது.

அறிவியல் முதுநிலை மாணவர்களுக்கு, மூன்று தேசிய அறிவியல் அகாதமிகளும் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் நல்ல தொடக்கம். இரண்டு மாதங்கள் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் வேலை செய்து பார்த்த பிறகு, முனைவர் பட்டத்துக்குச் செல்வதா வேண்டாமா என்பதை மாணவர் தெளிவாக முடிவெடுக்க முடிகிறது.

எழுத்தும் வெளியீடும்

2016ஆம் ஆண்டு விதிமுறைகளில், ஆய்வேடு அளிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட வேண்டும் என்பது கட்டாயமாக இருந்தது. 2022 விதிமுறைகள் அக்கட்டாயத்தை நீக்கின. எனினும் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் அதைத் தொடரலாம் என்பதால், மாணவர் தம் பல்கலைக்கழக விதியைப் படித்துக்கொள்ள வேண்டும்.

வெளியீட்டில்தான் ஆய்வு மாணவர்கள் அதிகம் ஏமாறுகின்றனர். பணம் செலுத்தினால் சில நாட்களில் கட்டுரையை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் மின்னஞ்சலில் தேடி வருகின்றன. புகழ்பெற்ற இதழ்களின் பெயரையும் முகப்பையும் நகலெடுத்து நடத்தப்படும் இதழ்களும் உண்டு. தரமான இதழ்களை அடையாளம் காட்ட மானியக் குழு உருவாக்கிய 'கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதன்பின் இதழின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் வந்து சேர்ந்துள்ளது.

சில எளிய சோதனைகள் உதவும். நெறியாளரோ துறையின் மூத்தவர்களோ அந்த இதழைப் படித்திருக்கிறார்களா? தம் ஆய்வில் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் ஒன்றாவது அதில் வந்ததா? ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் தம் பல்கலைக்கழகப் பக்கங்களில் அதைக் குறிப்பிடுகிறார்களா? இரண்டு வாரத்தில் வெளியீடு உறுதி என்று அந்த இதழ் சொல்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது விடையானால் விலகிவிடுவதே நல்லது. போலி இதழில் வந்த கட்டுரையால் பணம் வீணாவதோடு, அதில் அடங்கிய உண்மையான உழைப்பும் வேறெங்கும் வெளியிட முடியாமல் வீணாகிறது.

கருத்துத் திருட்டு குறித்து 2018இல் வந்த விதிமுறைகளும் தெரிந்திருக்க வேண்டியவை. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை எனில் ஆறு மாதங்களுக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40 முதல் 60 வரை எனில் ஓராண்டு வரை திருத்திய ஆய்வேட்டை அளிக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே நீக்கப்படும். படிக்கும்போதே குறிப்பெடுத்து, எடுத்த இடத்தையும் பக்க எண்ணையும் எழுதிவைக்கும் பழக்கம் இச்சிக்கலைத் தவிர்க்கும் சிறந்த வழி. 2006 முதல் கட்டணமின்றிக் கிடைக்கும் 'சொட்டெரோ' என்ற மென்பொருள் இவ்வேலையை எளிதாக்குகிறது.

ஆய்வாளர் அடையாள எண்ணான 'ஆர்சிட்' தமிழர்களுக்குக் கூடுதல் பயன் தருவது. 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க எண் இலவசம். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னே வருவதும் பின்னே வருவதும் உண்டு. சில இதழ்கள் அதை விரித்துத் தந்தை பெயரையே ஆசிரியர் பெயராக அச்சிட்டுவிடுகின்றன. ஒரே பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட பலர் ஒரே துறையில் இருப்பதும் இயல்பு. முதல் கட்டுரைக்கு முன்பே இந்த எண்ணைப் பெற்று, பெயரை ஒரே வடிவில் எழுதி வருபவரின் கட்டுரைகள் அனைத்தும் ஓரிடத்தில் சேரும்.

நூலக வசதியில் இருந்த இடைவெளியும் குறைந்து வருகிறது. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களின் மாணவர்கள் படிக்க அது வழிசெய்கிறது. முன்பு பெருநகர நிறுவனங்களில் மட்டுமே கிடைத்த இதழ்களை இன்று சிறு நகரத்து அரசுக் கல்லூரியில் இருப்பவரும் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் களஞ்சியமான 'சோத்கங்கா'வில் முந்தைய ஆய்வுகளைத் தேடிப் பார்ப்பது, செய்த ஆய்வையே மீண்டும் செய்யாமல் காக்கும்.

தட்டச்சும் மொழியும்

தமிழில் ஆய்வு செய்வோர் பலர் கையால் எழுதி, டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்குகின்றனர். அங்கே ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டால், அந்தக் கோப்பில் சொல் தேட முடியாது. இணையத்திலும் அது தேடலில் அகப்படாது. வேறு கணினியில் திறந்தால் குழம்பிப்போகும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மீண்டும் கடைக்குச் செல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுள்ளது. தமிழ்99 விசைப்பலகையை ஓரிரு மாதங்கள் பழகினால், ஆய்வேட்டைத் தாமே தட்டச்சு செய்யலாம். செலவு குறைவதுடன், எழுதும்போதே திருத்தவும் இடம் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் எழுதும் திறனும் தேவை. தமிழில் ஆய்வேடு எழுதுபவரும் ஓர் ஆங்கிலச் சுருக்கத்தையும் ஒரு பக்க ஆய்வு விளக்கத்தையும் ஆயத்தமாக வைத்திருந்தால், வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்க முடியும். அதேபோல, ஆங்கிலத்தில் ஆய்வு செய்யும் அறிவியல் மாணவர் தம் ஆய்வைத் தமிழில் மூன்று நிமிடம் சொல்லப் பழகுவதும் பயிற்சிதான். தன் ஊராரிடம் சொல்ல முடியாத ஒன்றை ஆய்வாளர் இன்னும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது அப்போது தெரியவரும்.

கருத்தரங்கும் பயண உதவியும்

கருத்தரங்கின் பயன் கட்டுரை வாசிப்பதோடு முடிவதில்லை. அங்கே கேட்கப்படும் ஒரு கேள்வி ஓர் இயலையே மாற்றியமைக்கலாம். தேநீர் இடைவேளையில் அறிமுகமாகும் பேராசிரியர் பிற்காலத்தில் ஆய்வேட்டின் மதிப்பீட்டாளராகவோ மேல் ஆய்வுக்கு இடம் தருபவராகவோ அமையலாம்.

வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குச் செல்ல மத்திய அரசின் அறிவியல் நிதி அமைப்புகளும், வரலாற்றுத் துறையினருக்கு இந்திய வரலாற்று ஆய்வுக் கழகமும் பயண நிதி அளித்து வந்துள்ளன. இவற்றில் பல, பயணம் முடிந்து ரசீதுகளை அளித்த பிறகே பணத்தைத் தருபவை. எனவே விமானக் கட்டணத்தை முன்கூட்டியே புரட்ட வேண்டியிருக்கும். வசதியற்ற மாணவர்களை இது தடுத்துவிடுகிறது. கருத்தரங்கு நடத்துவோரே பதிவுக் கட்டணத்தை நீக்கியும் தங்குமிடம் கொடுத்தும் உதவுவதுண்டு. கட்டுரை ஏற்கப்பட்டவுடன் அதைக் கேட்டு எழுதுவதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஜெர்மனியின் லிண்டாவ் நகரில் 1951 முதல் நடைபெறும் நோபல் பரிசாளர் சந்திப்புகளில் 35 வயதுக்குட்பட்ட இளம் ஆய்வாளர்கள் உலகெங்குமிருந்து கலந்துகொள்கின்றனர். இந்தியாவிலிருந்தும் ஆய்வு மாணவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பப்படுகின்றனர்.

பிற நிறுவனங்களில் ஆய்வுக் காலம்

இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துள்ளவர்கள் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அமெரிக்காவில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை உள்ளது. ஜெர்மனியில் ஆய்வு செய்ய 'டாட்' அமைப்பின் உதவித்தொகைகள் உள்ளன. இவற்றுக்குப் பயணத்துக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அங்குள்ள ஒரு பேராசிரியரின் ஒப்புதல் கடிதமும் வேண்டியிருக்கும். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே கடிதத் தொடர்பைத் தொடங்க வேண்டும்.

வாய்ப்புகள் உள்நாட்டிலும் ஏராளம். தம் கல்லூரியில் இல்லாத கருவியைப் பயன்படுத்த, 'ஐ-ஸ்டெம்' தளத்தில் பதிவு செய்து பிற நிறுவனக் கருவிகளில் நேரம் பெறலாம். தமிழியல், வரலாற்று ஆய்வாளருக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உ.வே.சாமிநாதையர் நூலகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் சில வாரங்கள் தங்கி வேலை செய்வதே பெரும் பயிற்சி. பழைய இதழ்களையும் சுவடிகளையும் கையாளவும், அட்டவணையைப் படிக்கவும், நூலகர்களிடம் கேட்டறியவும் அங்கே பழகலாம்.

கல்விப் புலத்துக்கு வெளியே

பட்டம் பெறும் அனைவருக்கும் ஆசிரியப் பணியிடங்கள் இல்லை. எனவே பிற துறைகளை அறிந்திருப்பது முன்னெச்சரிக்கை. அதைத் தோல்வியாகக் கருதத் தேவையில்லை. அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் காப்புரிமை முகவர் தேர்வு எழுதலாம். மத்திய அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை, பணி இடைவெளி ஏற்பட்ட பெண்களுக்கு அறிவுசார் சொத்துரிமைப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை நடத்தியுள்ளது. உயிர்த் தொழில்நுட்பத்தில் புதிய எண்ணம் உள்ளவர்களுக்கு 'பைராக்' அமைப்பு 50 லட்சம் ரூபாய் வரை தொடக்க மானியம் அளிக்கிறது. 2018இல் தொடங்கப்பட்ட 'அவ்சர்' போட்டி, முனைவர் பட்ட மாணவர்கள் தம் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி கட்டுரையாக எழுதப் பரிசளித்தது.

மொழி, இலக்கிய மாணவர்களுக்கு மொழிபெயர்ப்பு, பதிப்புத் துறை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், கணினித் தமிழ் ஆகிய துறைகள் உள்ளன. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டம் மொழிபெயர்ப்பாளர் பயிற்சிகளை நடத்துகிறது. பொதுக் கொள்கையில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் அரசுத் துறைகளுடன் நேரடியாக வேலை செய்யும் வாய்ப்பை அளிக்கிறது.

சான்றிதழும் திறனும்

வாய்ப்புகள் பெருகியதன் மறுபக்கம் சான்றிதழ் சேகரிப்பு. 2020 பொதுமுடக்கக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்குகள் நாள்தோறும் நடந்தன. படிவத்தை நிரப்பியவர்களுக்கெல்லாம் மின்சான்றிதழ் வந்தது. கோப்பு தடித்தது, கற்றது பெருகியதா என்பது வேறு. பணம் கட்டி, கட்டுரையைத் தொகுப்பு நூலில் சேர்த்து, வாசிக்காமலே சான்றிதழ் பெறும் வழக்கமும் உண்டு. இவற்றுக்கு நேர்காணலில் மதிப்புக் குறைவு.

ஒரு வாய்ப்பை ஏற்பதா என்று முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: இதன் முடிவில், பிறர் எடுத்துப் பார்த்து மதிப்பிடக்கூடிய ஒன்று கையில் இருக்குமா? எழுதிய கட்டுரை, நடத்திய பாடத்தின் திட்டம், பழகிய கருவியில் எடுத்த தரவு, படித்தெடுத்த சுவடி, எழுதிய கணினி நிரல் என ஏதேனும் ஒன்று மிஞ்ச வேண்டும். அப்படி எதுவும் மிஞ்சாத ஐம்பது நிகழ்ச்சிகளைவிட, மிஞ்சுகிற ஐந்து மேலானவை.

ஆண்டுவாரித் திட்டம்

அமெரிக்க நிறுவனங்களில் ஆய்வு மாணவர்கள் தமக்கென ஒரு தனிநபர் வளர்ச்சித் திட்டத்தை எழுதி, ஆண்டுதோறும் நெறியாளருடன் பேசித் திருத்தும் வழக்கம் பரவியுள்ளது. இந்தியச் சூழலில் அது பின்வருமாறு அமையலாம்.

முதல் ஆண்டு: பாடநெறி, நெட் அல்லது செட் தேர்வு, ஆய்வாளர் அடையாள எண், தட்டச்சு, குறிப்பு மேலாண்மை மென்பொருள், ஒரு முறையியல் பாடம்.

இரண்டாம் ஆண்டு: வாரம் சில மணி நேரம் கற்பித்தல், ஒரு பயிலரங்கு, முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் கட்டுரை, வெளி நிறுவனப் பேராசிரியர்களுடன் கடிதத் தொடர்பு.

மூன்றாம் ஆண்டு: முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்புதல், தேசியக் கருத்தரங்கு, வெளிநாட்டு அல்லது வெளி நிறுவன ஆய்வுக் காலத்துக்கு விண்ணப்பம்.

நான்காம் ஆண்டும் அதன் பின்னரும்: ஆய்வேடு எழுதுதல், இரண்டாம் கட்டுரை, கல்விப் புலத்துக்கு வெளியே ஒரு குறுகியகாலப் பயிற்சி, தன்விவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள், மேல் ஆய்வுக்கான விண்ணப்பங்கள்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நெறியாளர், துறைத்தலைவர், சில வேளைகளில் பதிவாளர் என மூன்று கையொப்பங்கள் தேவைப்படும். கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குச் செல்ல வாரங்கள் ஆகலாம். எனவே கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தாள்களை ஆயத்தப்படுத்துவது நல்லது. அடையாளச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், ஆய்வுப் பதிவுச் சான்று, ஒரு பக்க ஆய்வு விளக்கம் ஆகியவற்றை மின்வடிவில் ஒரே இடத்தில் வைத்திருப்பவர், அறிவிப்பு வந்த அன்றே விண்ணப்பிக்க முடியும்.

துறைகளின் பொறுப்பு

இத்தனையையும் மாணவர் ஒருவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நியாயமாகாது. பெரும் செலவின்றி ஒரு துறை செய்யக்கூடியவை பல. மாதந்தோறும் உதவித்தொகை, பயிலரங்கு அறிவிப்புகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். விண்ணப்பித்து வென்ற மூத்த மாணவரின் விண்ணப்பத்தை அவர் அனுமதியுடன் அடுத்தவருக்குக் காட்டலாம். வாரம் ஒருநாள் ஆய்வாளர்கள் தமக்குள் பேசும் கூட்டம் வைக்கலாம். நெறியாளர் வெளிவாய்ப்புகளை ஆய்வுக்கு இடையூறாகக் கருதாமல், ஆய்வுக் காலத்தின் பகுதியாகக் கருத வேண்டும்.

மூத்த மாணவர்களின் பங்கும் இதில் சிறிதன்று. வழி தெரிந்த ஒருவர் அடுத்து வருபவருக்குச் சொல்லும்போது, வீட்டில் கிடைக்காத தகவல் துறையில் கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் மற்றவருக்கும் இடையிலுள்ள தொலைவு பெரும்பாலும் அந்த ஒரு தகவல்தான். அதைக் கைமாற்றிக் கொடுக்கும் வழக்கம் உள்ள துறைகளில், பட்டம் பெற்று வெளியேறுபவர் ஆய்வேட்டுடன் ஒரு தொழிலையும் கற்றுக்கொண்டு செல்கிறார்.